‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ படம் திரையிடுவது குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’ என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டவிருக்கிறோம். 2007-இல் வந்த படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். போஸ்டரையும் டிரெய்லரையும் பார்த்தவர்கள் இதை ஒரு மாயாஜாலப் படம் என்று நினைத்துக்கொள்வார்கள். மாயாஜாலக் காட்சிகள் கொஞ்சம் உண்டு. ஆனால் கதை வேறு. அதனால் முடிவை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஜெஸ் என்ற பையன் நன்றாகப் படம் வரைவான், வீட்டில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் லெஸ்லி வகுப்புப் பையன்கள் எல்லோரையும் ஓட்டப்பந்தயத்தில் தோற்கடிக்கிறாள். இருவரும் நண்பர்களாகி, ஓடைக்கு அக்கரையில் உள்ள காட்டைத் தங்கள் ராஜ்ஜியமாக்கி, அதற்கு டெராபித்தியா என்று பெயர் வைக்கிறார்கள். கயிற்றில் தொங்கித்தான் ஓடையைத் தாண்ட வேண்டும். ஒருநாள் ஜெஸ் தன் இசை ஆசிரியையோடு அருங்காட்சியகம் போகிறான். அன்று லெஸ்லி தனியாக ஓடையைத் தாண்டும்போது கயிறு அறுந்து இறந்துபோகிறாள். அந்த மரணம் திரையில் காட்டப்படுவதில்லை. ஜெஸ் வீடு திரும்பியதும் செய்தியாகத்தான் கேட்கிறான். நாமும் அப்படித்தான் கேட்கிறோம்.

இதற்கு மூலம் கேத்தரின் பேட்டர்சன் 1977-இல் எழுதிய நாவல். அவருடைய மகனின் சிறுவயதுத் தோழி ஒருத்தி 1974-இல் மின்னல் தாக்கி இறந்தாள். அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. பின்னாளில் படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் அந்த மகன் டேவிட்டும் ஒருவர். இறப்புக்குப் பிறகு வரும் காட்சிகளில் செயற்கையான கண்ணீர் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜெஸ் உடனே அழுவதில்லை. முதலில் நம்ப மறுக்கிறான். பிறகு கோபம் வருகிறது: வகுப்பில் ஒருவனை அடிக்கிறான், பின்னாலேயே வரும் தங்கையைத் தள்ளிவிடுகிறான். இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ஃப்ரெண்டு செத்துப்போயிருக்கா, இவன் என்ன இப்படி நடந்துக்கிறான்?” என்று உங்கள் பிள்ளை கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பிள்ளைகளின் துக்கம் பெரும்பாலும் அழுகையாக வெளிவருவதில்லை. சண்டையாக, வயிற்றுவலியாக, தூக்கமின்மையாக வரும். நடுவில் அரைமணி நேரம் சிரித்து விளையாடவும் செய்வார்கள். அதைப் பார்த்து, ‘இவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை’ என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஜெஸ்ஸின் குற்ற உணர்வு. அருங்காட்சியகத்துக்கு அவளையும் அழைத்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவன் மனதுக்குள் வெந்துபோகிறான். படம் முழுக்கக் கண்டிப்பாக, சற்று முரடாகவே இருக்கும் அப்பாதான் காட்டில் அவனைப் பிடித்து நிறுத்தி, கட்டியணைத்து, இது யாருடைய தப்பும் இல்லை என்று சொல்கிறார். இந்தப் பள்ளியில் படம் போட வேண்டும் என்று நான் நினைத்ததே இந்த ஒரு காட்சிக்காகத்தான். வீட்டில் ஒரு சாவு நடந்தால், ‘நான் தாத்தாவிடம் கோபமாகப் பேசினேன், அதனால்தான்’ என்பதுபோல ஏதாவது ஒன்றைப் பிள்ளைகள் மனதில் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். நாம் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். படம் பார்த்துவிட்டு வந்த அன்றே, “பார்த்தியா, தண்ணிப் பக்கம் போகாதேன்னு சொன்னேனே” என்று தொடங்கிவிடாதீர்கள். எச்சரிக்கை தேவைதான், அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் பேசட்டும். பேசாவிட்டாலும் சரி, விட்டுவிடுங்கள். இறப்பைப் பற்றிக் கேட்டால் ‘தூங்கிட்டா’, ‘ஊருக்குப் போயிட்டா’ என்று சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டாள் என்றே சொல்லுங்கள்.

சமீபத்தில் நெருங்கிய ஒருவரை இழந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கதையை முன்பே சொல்லி, பார்க்கலாமா வேண்டாமா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பார்க்க விரும்பாதவர்கள் அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம், உடன் ஓர் ஆசிரியர் இருப்பார். காரணம் எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை. பாதியில் எழுந்து வெளியே வர நினைத்தாலும் வரலாம் என்று வகுப்பிலேயே சொல்லிவிடுவோம். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இந்தப் படம் இல்லை. அண்ணன், அக்காவோடு சேர்ந்து பார்க்கட்டும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதற்கு அனுமதியில்லை. வீட்டில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவது உங்கள் விருப்பம்.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பெற்றோர்கள் உடன் அமர்ந்து பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம், பின்வரிசையில் நாற்காலி போட்டு வைப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்