அடாப்டர் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், "பையில் ஓர் அடாப்டர் இருந்தால் போதும், எந்த நாட்டிலும் எந்தக் கருவியையும் கவலையில்லாமல் செருகலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் செருகிப் பார்த்தாரா தெரியவில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் வாங்கிய ஹேர் டிரையரை லண்டன் விடுதி ஒன்றில் அடாப்டர் மாட்டிச் செருகினேன். பிளக் அழகாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் டிரையர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. லண்டனில் வருவதோ 230. வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கானால், சூடேறும் கம்பி இழுக்கும் வாட் நான்கு மடங்கை நெருங்கும். 1,500 வாட் டிரையர் 5,500 வாட் இழுக்கப் பார்த்தால் என்ன ஆகும்? முதலில் கருகல் நாற்றம், பிறகு புகை, அப்புறம் தீ எச்சரிக்கை மணி. இரவு உடையோடு மாடிப்படி இறங்கிய அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 'இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு அடாப்டர் போதும், சரி. அந்தப் பாதி உண்மையை நம்பி ஹேர் டிரையரையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துவிட்டால் எப்படி? "மின்னழுத்தத்தை மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கலாமே" என்பீர்கள். சிறிய கன்வெர்ட்டர்களில் பல சூடேற்றும் கருவிகளுக்கு மட்டுமே ஆனவை, மின்னணுக் கருவியை அதில் மாட்டினால் அதுவும் போகும். ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, அவை மாற்றுவதும் இல்லை. 60 ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் மேசைக் கடிகாரம் 50 ஹெர்ட்ஸ் நாட்டில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். அதை நம்பி நான் ரயிலைத் தவறவிட்ட கதை தனி.

இது முதல் தடவையும் அல்ல. பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றச் சொன்னதும் இதே பக்கம்தான். அது கைப்பையில்தான் வர வேண்டும் என்று அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவில்லை. பெட்டியின் வண்ணப் படத்துக்கு மட்டும் அரைப்பக்கம் கிடைத்தது.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போதும்: செருகும் முன் கருவியின் இன்புட் வரியைப் படியுங்கள் என்று. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். கருவியில் இருப்பதைப் படிக்கத்தான் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
இன்னமும் சந்தா கட்டிவரும் வாசகர்