களைத்த கால்களையும் அளந்து பாருங்கள்

கோலாலம்பூரில் இளையோர் டென்னிஸ் பயிற்சி மையங்களை நடத்துவோருக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

பிள்ளைகளின் சமநிலையைப் பல மையங்கள் சோதிக்கின்றன. சோதிக்கும் நேரம்தான் தவறு. தவணைத் தொடக்கத்தில் ஒரு காலை வேளையில், நன்றாகத் தூங்கி எழுந்து வந்த பிள்ளையை ஒற்றைக் காலில் நிற்கவைத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். அதே பிள்ளை பள்ளி முடிந்து, இரண்டு மணி நேரம் ஆடி, மாலை ஆறு மணிக்கு ஓரத்துப் பந்தை விரட்டும்போது அந்த எண் எதற்கும் உதவாது.

தசை களைக்கும்போது பலத்தோடு உணர்வும் குறைகிறது. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணரிகள் தசைக்குள்தான் இருக்கின்றன. அவற்றின் செய்தி மங்குகிறது. தசை பதில் தரவும் தாமதமாகிறது. சர்வீஸ் அடித்து இறங்கும்போது இது தெளிவாகத் தெரியும். வலக்கை ஆட்டக்காரர் இடக்காலில் இறங்குவார். களைத்திருந்தால் முட்டி உள்பக்கம் சரியும், உடல் பக்கவாட்டில் சாயும். ஓரத்துக்கு ஓடி அடிக்கும் ஃபோர்ஹேண்டில் வெளிக்கால் உடலை நிறுத்தத் தவறும். நடுவுக்குத் திரும்பும் முதல் அடி பிந்தும். அந்த நேரத்தில் “கவனமே இல்லை” என்று திட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இன்னொரு கூடை நிறையப் பந்துகளைப் போட்டுக் கொடுத்தால், சரிந்த முட்டியோடு அடிக்கத்தான் அது பழகும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மாலை 4 மணிக்கும் 32, 33 பாகை இருக்கும். காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 40 கிலோ பிள்ளை 800 கிராம் இழந்திருந்தால் அது உடல் எடையில் 2 சதவீதம். குடித்த தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

சோதனைக்குத் தரையில் ஒட்டும் டேப்பும் அளவு நாடாவும் போதும். முன்னோக்கி ஒரு கோடு, பின்னோக்கி இரண்டு கோடு ஒட்டுங்கள். முன்கோட்டுக்கும் ஒவ்வொரு பின்கோட்டுக்கும் இடையே 135 பாகை, பின்கோடுகளுக்கு இடையே 90 பாகை. பிள்ளை வெறுங்காலோடு, கைகளை இடுப்பில் வைத்து, நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை ஒவ்வொரு கோட்டின் மேலும் எட்டும் தூரம் நீட்டி நுனியால் தொட வேண்டும். நிற்கும் காலின் குதிகால் எழும்பினாலோ, நீட்டிய காலில் பாரம் இறங்கினாலோ அந்த முயற்சி செல்லாது. முதல் நாளில் நான்கு முறை பழகவிட்டு, பிறகு மூன்று முறை அளந்து சிறந்ததை எடுங்கள். பழகாமல் அளந்தால், பழக்கத்தால் கூடும் எண் முன்னேற்றம் போலத் தெரியும். மூன்று தூரங்களையும் கூட்டி, கால் நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். கால் நீளம் என்பது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உட்புற மேடு வரை. வளரும் வயது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மறுபடி அளக்க வேண்டும்.

இந்தச் சோதனையை ஓய்ந்திருக்கும் நாளில் ஒருமுறை, கடினப் பயிற்சி முடிந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை செய்யுங்கள். தண்ணீர் குடித்து, கதை பேசி, இருபது நிமிடம் கழித்து அளந்தால் சமநிலை பெரும்பாலும் திரும்பியிருக்கும்; களைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வொன்றில், முன்னோக்கிய நீட்டலில் இரு கால்களுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தவர்களுக்குக் காயம் அதிகமாக இருந்தது. டென்னிஸுக்கு அதை அப்படியே எல்லைக்கோடாக்க வேண்டாம். பிள்ளையை அதன் சொந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓரிரு செ.மீ. அளவுப் பிழையாக இருக்கலாம். தொடர்ந்து மூன்று பயிற்சிகளில் எண் இறங்கினால் பயிற்சிப் பாரத்தைக் குறையுங்கள்.

பாரத்தையும் எழுதிவையுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினம் என்று 0 முதல் 10 வரை கேட்டு, நிமிடங்களால் பெருக்குங்கள்: 120 நிமிடம், கடினம் 7 என்றால் 840. பள்ளி விளையாட்டும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டாமல் இருப்பது நல்ல வரம்பு.

காலடிப் பயிற்சி, ஸ்பிளிட் ஸ்டெப் (எதிராளி பந்தை அடிக்கும் நேரத்தில் போடும் சிறு துள்ளல்), திசை மாற்றம் ஆகியவற்றை உடல் சூடானதும் முதல் இருபது நிமிடத்தில் வையுங்கள். இறுதியில் வைக்கும் வழக்கத்தை இந்தத் தவணையிலேயே விடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தைச் சோதனைக்கு ஒதுக்கி, அளவுகளை எழுதிய தாளின் ஒரு படியைப் பெற்றோரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
இளையோர் டென்னிஸ் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள்
கோலாலம்பூர்