ஒரு கோடிப் பேருக்கு மூன்று நரம்பியல் மருத்துவர்: ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கு வணக்கம்.

உலக சுகாதார நிறுவனமும் உலக நரம்பியல் கூட்டமைப்பும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கு உங்கள் மேசைக்கும் வந்திருக்கும். வருமானம் குறைந்த நாடுகளில் மூளை, நரம்பு நோய்களைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் லட்சம் பேருக்கு 0.03 பேர்தான். ஒரு கோடிப் பேருக்கு மூன்று என்று சொன்னால்தான் உறைக்கும். பணக்கார நாடுகளில் அதே ஒரு கோடிக்கு 475 பேர். வருமானம் குறைந்த அந்த நாடுகளில் பெரும்பாலானவை உங்கள் கண்டத்தில் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நரம்பியல் படிக்க டாக்டர்களைக் கடல் கடந்து அனுப்புவதை நம்பியிருக்காதீர்கள். கண்டத்துக்குள்ளேயே பயிற்சி கொடுங்கள், முடித்து வருபவருக்கு வேலையும் தயாராக இருக்கட்டும்.

போனவர்களில் பலர் திரும்புவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். திரும்புபவர் எதைக் கற்று வருகிறார் என்பதை யாரும் அதிகம் கேட்பதில்லை. சரியாக ஊறவைக்காத கசப்பு மரவள்ளியில் தங்கும் சயனைடு, பஞ்சத்திலும் போரிலும் கான்சோ என்ற நோயாக வெடிக்கிறது. நேற்று வரை ஓடிய குழந்தையின் கால்கள் திடீரென்று விறைத்துப்போகின்றன. காங்கோவிலும் மொசாம்பிக்கிலும் அதைப் பார்க்கலாம், லண்டன் வார்டில் பார்க்க முடியாது. வடக்கு உகாண்டாவிலும் தெற்கு சூடானிலும் பிள்ளைகளின் தலை தானாகத் தொங்கி ஆடும் நோய், ஈக்கடியால் பரவும் புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய் உள்ள ஊர்களில்தான் வருகிறது. மலேரியா மூளையைத் தாக்கிய பின் எஞ்சும் வலிப்பு, காசநோய் மூளைக்காய்ச்சல், பன்றி நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் உண்டாகும் கட்டிகள் என்று இன்னும் நிறைய இருக்கின்றன. எம்ஆர்ஐ இல்லாத இடத்தில் முழங்காலில் தட்டிப் பார்க்கும் சிறு சுத்தியலையும் கையையும் வைத்தே நோயைக் கணிக்கும் பழக்கமும் அங்கேயே வேலை பார்த்தால்தான் வரும்.

முடியுமா என்று கேட்க வேண்டியதில்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா பல்கலைக்கழகம் நரம்பியல் பயிற்சியை 2006-லேயே தொடங்கிவிட்டது. 2018-ல் லுசாகாவில் ஜாம்பியாவின் முதல் நரம்பியல் முதுநிலைப் பயிற்சி வந்தது. கெய்ரோ, ரபாத், டாக்கர், கேப் டவுன் ஆகிய நகரங்களில் உலக நரம்பியல் கூட்டமைப்பு அங்கீகரித்த பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டமைப்பின் உதவித்தொகையில் படிப்பவர்கள் சிலரே. உங்கள் மருத்துவமனைகளுக்குத் தேவையான டாக்டரின் படிப்புச் செலவை வெளியார் எவ்வளவு காலம் ஏற்பார்கள்?

ஒவ்வொரு நாடும் தனியாக ஒரு துறையைக் கட்ட வேண்டியதுமில்லை. கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்காவின் அறுவை மருத்துவர்கள் 1999-ல் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பயிற்சி அவரவர் மருத்துவமனையில், பாடத்திட்டமும் தேர்வும் எல்லா நாட்டுக்கும் பொது. நரம்பியலுக்கும் அதையே செய்யலாம்.

“முதலில் மாத்திரை, அப்புறம் நிபுணர்” என்று உங்கள் நிதித்துறை சொல்லும். வாதம் நியாயமானதுதான். வலிப்பு நோய்க்கு ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் அளவில் மருந்து கொடுத்துவிடலாம், இருந்தும் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. ஆனால் கிராமச் சுகாதார நிலையத்தில் இருப்பவருக்கு எது வலிப்பு, எது வெறும் மயக்கம் என்று யார் சொல்லிக்கொடுப்பது? பினோபார்பிட்டால் என்ற வலிப்பு மாத்திரைக்கும் அடங்காத நோயாளியை அவர் யாரிடம் அனுப்புவார்? நான் கேட்கும் நிபுணர் அந்த வேலைக்குத்தான், தலைநகரில் தனியார் கிளினிக் நடத்த அல்ல.

இனி வேலை. படித்து வந்தவரைப் பொது வார்டில் போட்டு, மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி கருவியும் கொடுக்காமல் விட்டால் அவர் விமானம் ஏறிவிடுவார். பிற நாட்டு மருத்துவர்களை வேலைக்கு இழுக்கும் நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2010-ல் வகுத்த நெறிமுறை இருக்கிறது என்றாலும் அது கட்டாயமில்லாதது.

வலிப்புக்கும் பிற நரம்பு நோய்களுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2022-ல் ஜெனீவாவில் ஏற்ற உலகச் செயல்திட்டம் 2031-ல் முடிகிறது. இன்று பயிற்சியில் சேர்பவர் நிபுணராக வெளிவரவே சில ஆண்டுகள் ஆகும். ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு நாடும் மூன்று விவரங்களோடு வரட்டும்: எத்தனை நரம்பியல் பணியிடங்களுக்கு அனுமதி இருக்கிறது, எத்தனை பேர் பயிற்சியில் இருக்கிறார்கள், அவர்களுடைய சம்பளத்தை யார் தருகிறார்கள்.