தவணை முடிவும் நகர மண்டபப் பயணமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியாக முடிந்தது. தேர்வில் பிள்ளைகள் திறமையாகச் செய்திருக்கிறார்கள், வாய்ப்பாட்டு வகுப்பில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள், விளையாட்டுப் போட்டியிலும் பரிசுகள் வந்தன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

கடந்த சனிக்கிழமை பெரிய வகுப்புப் பிள்ளைகளை, ஜெர்மனியில் நாம் வாழும் பிரேமன் நகரத்தின் மண்டபத்துக்குக் கூட்டிப்போனோம். டிராமில் போகும்போது ஜன்னலால் பார்க்கிற அதே ராட்ஹவுஸ்தான். 1405 முதல் 1410 வரை கட்டியது. முகப்பில் நிற்கிற பேரரசரும், பேரரசரைத் தேர்ந்தெடுத்த 7 தேர்வாளர்களும் அந்தக் காலத்துச் சிலைகளின் நகல்கள். அவர்களைச் சுற்றியுள்ள வளைவும் சுருளுமான கல்வேலை 200 வருடம் பிந்தியது. கட்டடக் கலைஞர் லூடர் ஃபொன் பென்ட்ஹைம் செய்து 1612இல் முடித்தது. ஒரே சுவரில் இரண்டு காலம் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

மண்டபத்துக்கு முன்னால் நகரச் சுதந்திரத்தின் அடையாளமாக நிற்கிற வீரன் ரோலண்டின் சிலையடியில் 10:45க்குக் கூடுவதென்று அறிவித்திருந்தோம். 11 மணிக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் குளிரில் நின்றார்கள். அங்கே முன்பு நின்ற மரச் சிலையை 1366இல் பேராயரின் ஆட்கள் எரித்ததையும், நகரத்தார் விடாமல் 1404இல் கல்லிலேயே நிறுத்தியதையும் சொன்னேன். ரோலண்டின் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் பழைய பிரேமன் முழம், ஏறக்குறைய 55 சென்டிமீட்டர். ஒரு பிள்ளை தன் கையை நீட்டிப் பார்த்து, "என்ர கை காணாது சேர்" என்றது. சொல்லச் சொல்லக் கதையும் முடிந்தது, இன்னும் ஆட்கள் வந்தபாடில்லை.

11:20க்குத்தான் உள்ளே போனோம். வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருந்தது. 40 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் உள்ள மேல் மண்டபத்தில் ஒரு தூண்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையில் பழைய கப்பல்களின் மாதிரிகள் தொங்குகின்றன. அதை நின்று பார்க்க நேரமில்லை. 1905இல் ஓவியர் ஹைன்ரிஷ் ஃபோகலர் வடிவமைத்த, சுவரில் பொன் பூசிய தோல் ஒட்டிய பொன்னறைக்குள் போகவே முடியவில்லை. நேரத்துக்கு வந்த பிள்ளைகளும் அதை இழந்தார்கள். இது நியாயமில்லை.

திரும்பக் கூட்டிப்போவதிலும் இதே கதைதான். பெற்றோர் 12:30க்கு வரவேண்டிய இடத்தில் இரண்டு சின்னவர்கள் 1:15 வரை மண்டபத்தின் முன்னுள்ள வளைவு நடையில் நின்றார்கள். அங்கே ஒரு வளைவின் மேல் கோழியும் குஞ்சுகளும் செதுக்கியிருக்கின்றன. எதிரிக்குப் பயந்து வேசர் ஆற்றில் படகேறி வந்தவர்கள், மணல் மேட்டில் ஒரு கோழி குஞ்சுகளோடு ஒதுங்குவதைக் கண்டு, அங்கேயே குடியிருந்தார்களாம். பிரேமன் பிறந்த கதை அது. நம்மில் பலருக்கு இது புதுக்கதை இல்லை. சொல்லிமுடித்ததும் சின்னவள் கேட்டது, "அம்மா எப்ப வருவா?"

வேலை, கடைசி நேர அலைச்சல், சனிக்கிழமை நகரத்துக்குள் கார் நிறுத்த இடம் கிடைக்காதது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் தெளிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது: இனி வெளிப்பயணங்களில் குழு குறித்த நேரத்துக்கு உள்ளே போய்விடும். பிந்தி வரும் பிள்ளையைப் பெற்றோரே கூட்டிக்கொண்டு திரும்பவேண்டும். கூட்டிப்போகப் பிந்துவதானால் 10 நிமிடத்துக்கு முன்பே ஆசிரியருக்கு அழைத்துச் சொல்லுங்கள். டொம்ஸ்ஹைடே நிறுத்தத்தில் இறங்கினால் இரண்டு மூன்று நிமிட நடைதான்.

சரி, பொன்னறையைக் காட்டாமல் விட எனக்கு மனமில்லை. அடுத்த தவணையில் இன்னொரு நாள் ஏற்பாடு செய்கிறோம். திகதியைப் பிறகு அறிவிப்போம். அன்று பெற்றோரும் வரலாம்.

குளிரில் எங்களோடு நின்று, கொண்டுவந்த தேநீரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக்கொடுத்த அம்மாமாருக்கும், கடைசிவரை சின்னவர்களோடு நின்ற ஆசிரியைக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்