தமிழ்த் தலைப்புகளுக்கு முறையாக வரைந்த தடித்த சாய்வெழுத்து வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் காற்பந்துப் போட்டி, கோயில் திருவிழா, கடைத் திறப்பு என எதற்குப் பதாகை கட்டினாலும், அதில் வேகமும் எழுச்சியும் தெரிய வேண்டும் என்போர் தடித்த சாய்வெழுத்தையே கேட்கிறார்கள். பதாகை அச்சிடும் தொழிலில் இருக்கும் எனக்கு அந்த விருப்பம் நியாயமாகவே படுகிறது. ஆனால் அதற்கேற்ற தமிழ் எழுத்துரு அரிது என்பதால், நேராக நிற்கும் எழுத்தைக் கணினியே சாய்த்துத் தடிமனாக்கித் தருவதை அப்படியே அச்சுக்கு அனுப்புகிறோம். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத் தலைப்புகள் சிலவற்றிலும் இதே குறையைக் காண்கிறேன்.

இதனால் எழுத்தின் அடையாளமே குலைகிறது. கணினி தடிமனாக்கும்போது கோடு உட்புறமாகவும் வீங்குவதால் சுழிகள் அடைபட்டு, மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. ‘அணி’ என்ற சொல் இல்லாத விளையாட்டுச் செய்தி ஏது? ரகரத்தைத் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள சிறு கோடு ஒன்றுதான். அது தடிமனில் மறைந்தால் ‘மாரன்’ என்ற பெயரையே தயங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. சாய்க்கும்போதோ, வளைவுகள் சில மூலைகளில் பருத்து மற்ற மூலைகளில் மெலிகின்றன. உயரத்திலுள்ள புள்ளி மற்ற பகுதிகளைவிட அதிகமாக வலப்புறம் நகர்ந்து, நெருக்கமான தலைப்புகளில் அடுத்த எழுத்துக்கு உரியதுபோல் நிற்கிறது. கடைப் பலகைகளில் தேசிய மொழியான மலாய்க்கு முதன்மை தர வேண்டியிருப்பதால், தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிறிய இடமே. அந்தச் சிறிய இடத்திலும் எழுத்து அடைபட்டுக் கிடப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

ஐரோப்பியர் தங்கள் சாய்வெழுத்தை நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்துப் பெறவில்லை. 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பதிப்பாளர் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட நூலுக்காக, அச்செழுத்து செதுக்கும் கலைஞரான பிரான்செஸ்கோ கிரிஃபோ அக்காலக் கையெழுத்தைப் பின்பற்றி எழுத்துகளைத் தனியாகச் செதுக்கினார். தமிழுக்கும் அந்த உழைப்பு தேவை. கிடைக்கோடுகளை நிமிர்ந்த கோடுகளைவிட மெலிதாக்கி, சுழிகளைச் சற்றே பெரிதாக்கி, சாய்வை மிதமாக வைத்து, புள்ளியையும் கொம்புகளையும் தனித்தனியே இடம் பார்த்துப் பொருத்தினால், தூரத்திலிருந்தும் தெளிவாகப் படிக்கக்கூடிய தலைப்பெழுத்து கிடைக்கும். தடித்த தமிழெழுத்து படிக்கத் தக்கதாக அமைய முடியும் என்பதை, இலவசமாகக் கிடைக்கும் ‘பாலூ தம்பி’ எழுத்துரு முன்பே காட்டியிருக்கிறது. அது நிமிர்ந்த எழுத்து, நமக்கு வேண்டிய விரைவு அதில் இல்லை. திறமைக்கும் நாம் வெளியே தேட வேண்டியதில்லை. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ எழுத்துருவை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டவர்தாம்.

ஆகவே, நம் தமிழ் நாளிதழ்கள் கூட்டாகச் செலவை ஏற்று இத்தகைய எழுத்துரு ஒன்றை வரையச் செய்து, சிற்றூர் அச்சகங்களும் தமிழ்ப்பள்ளிகளும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை விளையாட்டுப் பக்கத் தலைப்புகளைக் கணினியால் சாய்க்காமல், நன்கு வரையப்பட்ட தடித்த நேரெழுத்திலேயே தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பதாகை அச்சிடும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்