முதலில் சாவி

ஹெல்சிங்கி

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்ய உங்கள் குழு திட்டம் போடுவதைப் பற்றி எழுதிவிட்டு, "குடிக்கிறவனை நம்பி யாரப்பா வீடு கொடுப்பான்?" என்று கேட்டிருந்தாய். இங்கே கொடுக்கிறார்கள். முன்பு பின்லாந்திலும் குடியை விடு, வைத்தியம் பார், ஒழுங்காக இருந்து காட்டு, அப்புறம் வீடு என்றுதான் இருந்தது. பல வருடம் தெருவிலும் வீடற்றோர் தங்கும் காப்பகத்திலும் கிடந்தவர்களுக்கு அந்தப் படிகளை ஏற முடியவில்லை. 2008-இல் அரசு வரிசையை மாற்றியது: முதலில் வீடு. நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-இலேயே இப்படித் தொடங்கியிருந்தார்.

இது தானமில்லை. வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில். வாடகையும் அவர்கள்தான் கட்ட வேண்டும். வருமானம் போதாதவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. மறுபடி குடித்தார் என்பதற்காக மட்டும் வீடு பறிபோகாது. இந்த ஊரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு வீடற்றவர்களுக்காக நடத்திய பெரிய விடுதியையே எண்பது சொச்சம் தனி வீடுகளாக மாற்றினார்கள். பணியாளர்களும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். பில் கட்டுவது, டாக்டரிடம் கூட்டிப்போவது, பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்ப்பது, யாரும் வராத நாளில் கதவைத் தட்டி "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பது எல்லாம் அவர்கள் வேலை. என்னைக் கேட்டால் உயிர்நாடி அதுதான். நீங்கள் திட்டம் எழுதும்போது கட்டடச் செலவுக்கு முன்னால் இந்த ஆட்களின் சம்பளத்தை எழுதுங்கள். பணம் குறைந்தால் முதலில் கை வைப்பது அதில்தான்.

1987-இல் இந்த நாட்டில் 18,000-க்கு மேற்பட்டவர்களுக்கு வீடில்லை. 2022-இல் அது 3,700-க்குள் வந்துவிட்டது. ஆனால் 2024-இல் மறுபடி ஏறியிருக்கிறது. வீட்டு உதவித்தொகையை வெட்டியதுதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது, கோபமாகவும் இருக்கிறது. இத்தனை வருட உழைப்பு!

நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. சென்னையில் பேன்யன் அமைப்பு 2015-இல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தைப் போய்ப் பார். மனநோயால் பல வருடம் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். துணைக்கு உதவியாளர்கள் உண்டு. வீட்டுக்காரர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்று விசாரித்து எழுது. உனக்கு முதலில் வரப்போகிற தலைவலி அதுதான்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். உங்கள் குழுவோடு ஒரு நாள் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கி வை.

அன்புடன்,
சேகர்