சாட்சி சொல்பவருக்கும் ஆயத்தம் வேண்டும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

ஆராதனையில் சாட்சி நேரத்தை, அதாவது ஆண்டவர் தங்கள் வாழ்க்கையில் செய்ததை விசுவாசிகள் சபைக்கு முன் சொல்லும் நேரத்தை, குறைக்கலாம் என்ற கருத்தை உங்கள் இதழில் படித்தேன். நேரத்தைக் குறைப்பதைவிட, சொல்பவரை ஆயத்தப்படுத்துவதே நல்லது. பிரசங்கத்துக்கு வாரம் முழுக்க ஆயத்தம் நடக்கிறது. சாட்சிக்கோ, "யாராவது வந்து சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டிவிடுகிறோம்.

மாதிரி வேதத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 26-ல் பவுல் அகிரிப்பா ராஜாவுக்கு முன் பேசுகிறார். 4 முதல் 11-ம் வசனம் வரை பழைய வாழ்க்கை, 18 வரை தமஸ்கு வழியில் இயேசு அவரைச் சந்தித்தது, 23 வரை அதற்குப் பிறகு செய்தது. நிதானமாக வாசித்தாலும் சில நிமிடங்கள்தான். பரிசுத்தவான்களை, அதாவது இயேசுவை விசுவாசித்தவர்களை, முன்பு சிறையில் அடைத்ததை அவர் மறைக்கவில்லை. அதற்கு ருசி கூட்டவும் இல்லை. நம் சாட்சிகள் தடம் மாறுவது இங்கேதான். குடித்துத் திரிந்த கதையைக் கூட்டம் ஆவலாகக் கேட்கிறது, சொல்பவருக்கும் உற்சாகம் ஏறுகிறது. ஆண்டவர் என்ன செய்தார் என்று சொல்லவரும்போது நேரம் முடிந்துவிடுகிறது.

முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சொல் போதும். மாற்றம் நடந்த இடத்தை முதலில் எழுதுங்கள், பழையதைக் கடைசியில் சேருங்கள். அப்போது அது தானாகவே சுருங்கும். பிறகு சபைக்குப் புதியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "அபிஷேகம்", "விடுதலை" போன்ற சொற்களில் அவர் விழித்தால், நடந்ததை வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்லுங்கள். கணவர், மாமியார், பிள்ளைகள் பற்றிய வரி இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்று எல்லாம் போனில் பதிவாகி ஊரெல்லாம் சுற்றுகிறது.

சுகம் பெற்ற சாட்சிக்குக் கூடுதல் கவனம் தேவை. பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார் (லூக்கா 17:14). லேவியராகமம் 14-ன்படி ஆசாரியன் பார்த்துச் சுத்தமென்று தீர்த்த பிறகும் சுகமானவன் ஏழு நாள் தன் கூடாரத்துக்குப் புறம்பே தங்க வேண்டும். ஆகவே மருத்துவரின் மறுபரிசோதனை முடியும்வரை காத்திருப்பது அவிசுவாசம் ஆகாது. சிகிச்சை எடுத்திருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். அதை மறைத்தால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கரை நோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடலாம். அந்த உயிருக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக வேண்டும். யோவான் 9-ல் இயேசுவால் பார்வை பெற்ற பிறவிக்குருடன், தன்னை விசாரித்தவர்களிடம் இரண்டு முறை "எனக்குத் தெரியாது" என்கிறான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன்" என்ற ஒன்றில் மட்டும் அசையாமல் நிற்கிறான். அதனால்தான் விசாரித்த மதத்தலைவர்களான பரிசேயரால் அவன் வாயை அடைக்க முடியவில்லை.

இன்னொன்று. விசுவாச வீட்டிலேயே வளர்ந்தவர்கள், "எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லையே" என்று பின்வரிசையில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அதுவும் சாட்சிதான்: பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்ததுதான் (2 தீமோத்தேயு 1:5). "சாட்சி சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இவர்கள் எழும்பமாட்டார்கள். "இந்த மாதம் எந்த வசனத்துக்குக் கீழ்ப்படியக் கஷ்டமாக இருந்தது, என்ன செய்தீர்கள்?" என்று ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்